மணமும் நாற்றமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தில்லியின் தென்பகுதியில் புதிதாகத் திறக்கப்பட்டுள்ள ஓர் உணவுச்சாலைக்கு நண்பர்கள் மூவர் சென்றிருந்தோம். ஒருவர் தூத்துக்குடிக்காரர், பொருளாதாரம் பயில்பவர். மற்றவர் நாகாலாந்தைச் சேர்ந்தவர். என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவர். மூன்றாமவன் நான். நாகாலாந்து நண்பரின் ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடவே மெட்ரோ ரயில் ஏறி அவ்வளவு தூரம் போனோம்.

அங்கே கிடைப்பது ஜப்பானும் மெக்சிகோவும் கலந்த சமையல். மெக்சிகோ மக்களின் 'டாக்கோ' என்பது மக்காச்சோள மாவில் சுட்ட சிறிய ரொட்டி. அதை இரண்டாக மடித்து உள்ளே இறைச்சியோ மீனோ காய்கறியோ வைத்துக் கையால் எடுத்துத் தின்பார்கள். இந்தக் கடையில் ரொட்டி மெக்சிகோவுடையது, உள்ளே இருப்பது ஜப்பானுடையது. ஒன்றில் மாவில் தோய்த்துப் பொரித்த மீன். ஜப்பானியர் 'டெம்புரா' என்பது அதைத்தான். மற்றொன்றில் ரொட்டிக்குப் பதிலாகப் பொரித்த கடற்பாசித் தாள், அதனுள் சோறும் பச்சை மீனும். மூன்றாவதில் சுட்ட கத்தரிக்காய், அதன்மேல் 'மிசோ' என்னும் புளித்த சோயா விழுது. மூன்றும் சேர்ந்த ஒரு தட்டின் விலை 750 ரூபாய், வரி தனி. எங்கள் விடுதி மெஸ்ஸில் பல நாள் சாப்பாட்டுக் கணக்கு அது!

தூத்துக்குடி நண்பர் முதல் வாயிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "என்னப்பா இது? ஜப்பான்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான், மெக்சிகோக்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். இரண்டு நல்ல சமையலைக் கெடுத்து மூன்றாவதாக ஒன்றை விற்கிறார்கள்." அவர் இப்படிச் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. நம் மன்றத்திலேயே இந்தக் கட்சியினர் பலர் உண்டு. தோசைக்குள் பாலாடைக்கட்டியைக் கண்டால் கண்ணீர் விடுவார்கள். தில்லிக் கடையில் சாம்பார் தித்திக்கிறது என்றால் அன்று முழுவதும் அதே பேச்சுத்தான். தூய உணவு, கலப்பற்ற உணவு, பாட்டி சமைத்த உணவு! இவையே அவர்கள் வேண்டுவன.

அந்தக் கட்சிக்கு முதலில் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன்.

தூய உணவு என்று நாம் எண்ணுவது, நாம் பிறப்பதற்குமுன் கலந்த உணவு, அவ்வளவே. டெம்புராவையே எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்த போர்த்துக்கீசியரிடமிருந்து கற்ற பொரியல் அது என்று கூறுவர். இன்று அதை ஜப்பானின் அடையாளமாக உலகமே போற்றுகிறது. மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு விற்கும் 'அல் பாஸ்தோர்' என்னும் டாக்கோவைப் பாருங்கள். நெட்டுக்குத்தான கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழலவிட்டுச் சீவியெடுக்கும் அந்த முறை, லெபனான் பகுதியிலிருந்து குடியேறிய அரபு மக்கள் கொண்டு சென்றது. அவர்கள் ஆட்டிறைச்சி வைத்தார்கள். மெக்சிகோக்காரர்கள் பன்றி இறைச்சியும் மிளகாயும் வைத்துத் தமதாக்கிக்கொண்டார்கள்.

ஏன், அவ்வளவு தொலைவு போவானேன்? நம் அம்மிக்கே வருவோம். மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று எவராவது நினைத்துப் பார்க்க முடியுமா? ஆயினும் அது மெக்சிகோ மண்ணில் பண்படுத்தப்பட்ட பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி இந்தியக் கரைக்கு வந்தது. நம் முன்னோர் அதை வாயில் வைத்தார்கள். காரத்தில் மிளகை ஒத்திருந்தது, உருவத்தில் காயாக இருந்தது. மிளகு போன்ற காய், மிளகாய் என்று பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். அன்று சங்கம் வைத்துத் தூய்மை பேசியிருந்தால் இன்று நமக்கு வற்றற்குழம்பு ஏது, காரச்சட்னி ஏது? தக்காளியும் நிலக்கடலையும் அந்த அமெரிக்கக் கண்டங்கள் தந்தவையே. ஆகவே தூத்துக்குடி நண்பர் டாக்கோவைக் கண்டு முகஞ்சுளித்தது, தன் வீட்டு மிளகாயின் தாய்வீட்டைக் கண்டு முகஞ்சுளித்ததற்கு ஒப்பாகும்.

ஜப்பானும் மெக்சிகோவும் சேர்வதும் தில்லிக் கடைக்காரர் கண்ட புதுமை அன்று. 1897ஆம் ஆண்டிலேயே ஜப்பானியர் சிலர் மெக்சிகோவின் தென்கோடியிலுள்ள சியாப்பாஸ் மாநிலத்தில் நிலம் தேடிக் குடியேறினர். பின்னர் வந்தவர்களுள் யோஷிஹெய் நாகத்தானி என்பவர் ஒருவர். 1930களில் மெக்சிகோ நகரத்துக்கு வந்து, ஒரு ஜப்பானியத் தொழிலதிபரின் ஆலையில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. மெக்சிகோ ஜப்பானோடு உறவை முறித்துக்கொண்டது. 1942இல், எல்லைப் புறங்களிலும் கடற்கரைகளிலும் வாழ்ந்த ஜப்பானியர் அனைவரும் வீடுவாசலை விட்டு, மெக்சிகோ நகரத்துக்கோ குவாதலஹாராவுக்கோ போய்ச் சேர வேண்டும் என்று ஆணை பிறந்தது. நாகத்தானி வேலையை இழந்தார். மெக்சிகோப் பெண்மணியான மனைவியோடு சேர்ந்து வீட்டிலேயே தின்பண்டம் செய்து சந்தையில் விற்றார். அவற்றுள் ஒன்று, நிலக்கடலைக்கு மாவுப் பூச்சுக் கொடுத்து, சோயாச் சாற்றின் சுவை ஏற்றி வறுத்த கடலை. 'ஜப்பானியக் கடலை' என்ற பெயரில் இன்று மெக்சிகோவின் மூலை முடுக்கெல்லாம் அது விற்கிறது. ஜப்பானியன் என்ற காரணத்துக்காக ஒரு சமூகத்தையே இடம்பெயர்த்த அதே நாடு, அவர் செய்த கடலையை அந்தப் பெயராலேயே விரும்பித் தின்றது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் இவ்விடத்துக்கு வருவேன்.

நிற்க. தூய்மைக் கட்சிக்கு எதிராக இன்னொரு கட்சியும் உண்டு. "கலந்தால் என்ன? நாக்குக்கு நன்றாயிருந்தால் தின்போம், காசு கொடுப்போம், எழுந்து போவோம். இதில் ஆராய்ச்சி எதற்கு?" என்பார்கள் அவர்கள். அன்று மாலைவரை நானும் அந்தக் கட்சியிலேயே இருந்தேன். என்னை அதிலிருந்து வெளியேற்றியது மூன்றாவது டாக்கோ.

நாகாலாந்து நண்பர் அந்தக் கத்தரிக்காய் டாக்கோவை ஒரு கடி கடித்தார். மெல்லச் சிரித்தார். "இது எங்கள் அகுனிக்கு உறவு" என்றார். அகுனி என்பது நாகாலாந்தின் சுமி மக்கள் செய்யும் உணவுப்பொருள். சோயாப் பயற்றை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பங்கரைச் சூட்டில் சில நாள் புளிக்க வைப்பார்கள். பன்றி இறைச்சிக் குழம்பில் அதை இட்டால் அவர்களுக்கு வேறு விருந்து வேண்டாம். அதன் வாசம் கடுமையானது, மறைப்பதற்கில்லை. மிசோவும் சோயாப் பயற்றைப் புளிக்க வைத்துச் செய்வதுதான். ஜப்பானியர் உண்ணும் 'நாட்டோ' என்பதோ அகுனிக்கு உடன்பிறப்பே எனலாம். அது ஜப்பான், இது நாகாலாந்து. அதற்கு 750 ரூபாய், இதற்கு?

இதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத முனைந்தேன்.

ஈராண்டுகளுக்கு முன், பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஒரு வீட்டின் நடுமாடியில் நான் குடியிருந்தேன். அதே வீட்டின் மொட்டைமாடி அறையில், தில்லியில் 'பர்சாத்தி' என்பார்களே, அதில் இந்த நண்பர் இருந்தார். கீழே வீட்டுக்காரர். ஒரு குளிர்கால ஞாயிறன்று நண்பர் அகுனி சமைத்தார். அவருடைய அன்னை ஊரிலிருந்து அனுப்பியது. சிறிது நேரத்தில் வீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். முதலில் என் கதவைத் தட்டினார். "மேலே என்னமோ அழுகிய நாற்றம் வருகிறதே, உங்களுக்கும் அடிக்கிறதல்லவா?" என்று கேட்டார். நான் ஒரு நொடி தயங்கினேன். பிறகு, "ஆமாம், கொஞ்சம்" என்றேன்.

இரண்டே சொற்கள்! அந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு அவர் மேலே போனார். "நடுமாடிக்காரரும் குறை சொல்கிறார்" என்று அவர் உரத்துக் கூறியது என் காதில் விழுந்தது. மாத முடிவில் நண்பர் அறையைக் காலி செய்தார். பெட்டியை இறக்க நானும் கை கொடுத்தேன். அவர் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலையும், உறவுப் பெயர் சொல்லிச் சிரித்ததோடு சரி. எனக்குத்தான் அடுத்த வாய் இறங்கவில்லை.

நான் செய்ததில் இன்னொரு வெட்கமும் உண்டு. என் அறையிலும் என் தாயார் அனுப்பிய நெத்திலிக் கருவாடு இருந்தது. அதை வறுக்கும் நாளில் சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி செருகி, இரண்டு ஊதுவத்தி ஏற்றிவைத்தே வறுப்பேன். என் தட்டுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதை நான் நன்கு அறிவேன். அறிந்திருந்தும், அவர் தட்டைக் காட்டிக்கொடுத்தால் என் தட்டு தப்பும் என்று உள்மனம் கணக்குப் போட்டது. கோழையின் கணக்கு!

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2007ஆம் ஆண்டில் தில்லிக் காவல்துறை, வடகிழக்கு மாநில மாணவர்களுக்கென ஓர் அறிவுரை நூலை வெளியிட்டது. மூங்கிற்குருத்து, அகுனி முதலியவற்றை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையில்லாமல் சமைக்க வேண்டும் என்னும் பொருளில் அதில் ஒரு பகுதி இருந்தது. பாதுகாப்புக் கேட்டு வருபவரிடம், உன் குழம்பை அடக்கு என்று சொன்னதற்குச் சமம் அது. 2019இல் இந்தப் பொருளை வைத்தே 'அகுனி' என்னும் இந்தித் திரைப்படமும் எடுக்கப்பட்டது. தோழியின் திருமணத்துக்காக அகுனி சமைக்க இடம் தேடித் தில்லியில் அலையும் வடகிழக்கு இளைஞர்களின் கதை அது. நம் விடுதியில் பலர் அதைப் பார்த்துச் சிரித்தோம், கண் கலங்கினோம். ஆனால் மாறினோமா?

இங்கே அந்த மெக்சிகோ ரொட்டியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி, பிறகே அம்மியில் அரைப்பார்கள். அப்படிப் பதப்படுத்திய சோளத்துக்கு 'நிக்ஸ்டமல்' என்று பெயர். பல தலைமுறைப் பெண்கள் கைவழி வந்த அறிவு அது. ஸ்பானியர் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார்கள். சுண்ணாம்பு நீரை எடுத்துச் செல்லவில்லை. அது நாகரிகமற்றவர் வேலை என்று எண்ணியிருப்பார்கள் போலும். விளைவு என்ன? மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் 'பெல்லாக்ரா' என்னும் கொடிய நோய் பரவியது. தோல் வெடித்தது, குடல் கெட்டது, சித்தம் கலங்கியது. 1735இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் அந்நோயைக் குறித்து வைத்தார். வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் எண்ணற்றோர் அதனால் மாண்டனர். சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடலுக்குக் கிடைக்கச் செய்வது அந்தச் சுண்ணாம்பு நீரே என்பதும், நோய்க்குக் காரணம் அச்சத்தின் குறையே என்பதும் 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கின.

உணவை எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவரின் அறிவைக் கீழென்று விட்டு வந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? மக்களை விட்டுவிட்டு அவர்களின் பண்டத்தை மட்டும் வாங்கிக்கொள்வது உடலுக்கு இழைத்த தீங்கு அது. உள்ளத்துக்கும் அது ஒரு நோயைத் தருகிறது. அந்த நோய்தான் படியேறி வந்து என் கதவைத் தட்டியது. நானும் "ஆமாம், கொஞ்சம்" என்றேன்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இது: கலப்புச் சமையலைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அது கெடுதல் அன்று, உலக வழக்கம். ஒரு பண்டம் தூயதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தப் பண்டத்துக்குத் திறந்த கதவு அதைச் செய்யும் மனிதருக்கும் திறந்திருக்கிறதா என்று கேட்போம். நாகத்தானியின் கடலை சந்தையில் விற்ற காலத்தில், அவருடைய இனத்தார் ஆணைக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் போனார்கள். புளித்த சோயா விழுதைத் தென்தில்லி கொண்டாடும் இந்நாளில், புளித்த சோயா சமைத்தவர் வடதில்லியில் அறையைக் காலி செய்கிறார். தமிழில் 'நாற்றம்' என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைத்தான் குறித்தது. இன்று அதற்கு எதிரான பொருளைச் சுமக்கிறது. சொல்லின் பொருளை மாற்றியது மூக்கு அன்று, மனம். விலைப்பட்டியலில் அச்சானால் மணம், அண்டை வீட்டு அடுப்பில் எழுந்தால் நாற்றம் என்று பிரிப்பதும் அந்த மனந்தான்.

"அப்படியானால் அக்கம்பக்கத்தார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? கடுமையான வாசம் என்று நீரே ஒப்புக்கொள்கிறீரே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் மற்றவரிடம், "இன்று விருந்தினர் வருகிறார்கள், சன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க முடியுமா?" என்று கேட்பதில் பிழையில்லை. அது அண்டை வீட்டார் பேச்சு. இந்த உணவை உண்பவர் இங்கே இருக்கலாகாது என்பதோ வேறு. முன்னது வாசத்தைப் பற்றியது. பின்னது மனிதரைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்லவர்களும் தீங்குக்குத் துணைபோகிறார்கள்.

நம் மன்றத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஒன்று: ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பிற மாநில நண்பர்களை அழைத்து நம் உணவைப் பரிமாறுகிறோம், அவர்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கேட்டுப் பூரிக்கிறோம். வரும் பொங்கலன்று அவர்களையும் ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவரச் சொல்வோம். நாம் இலை போட்டு அமர்வோம், அவர்கள் பரிமாறட்டும். விருந்தளிப்பவராகவே எப்போதும் இருப்பது எளிது. விருந்துண்பவராக அமர்வதற்குத்தான் பணிவு வேண்டும்.

இரண்டு: புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு மன்றம் அறை தேடிக் கொடுக்கிறது. "இவர்கள் நல்ல பிள்ளைகள், அந்த மாதிரி எல்லாம் சமைக்க மாட்டார்கள்" என்று வீட்டுக்காரரிடம் நாமே சொல்லி அறை பிடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை இன்றோடு விடுவோம். அந்த வாக்கியத்தில் 'அந்த மாதிரி' என்பது யாரைக் குறிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வடகிழக்கு நண்பரை மட்டுமா? நம் மன்றத்திலேயே கருவாட்டை ஒளித்துவைத்து வாழும் உறுப்பினர்களையும் அல்லவா!

மறுநாள் காலை நான் நாகாலாந்து நண்பரின் அறைக்குச் சென்றேன். இரண்டாண்டுக் கடனாக இருந்த அந்த இரண்டு சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அன்று நீங்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது" என்றார். பிறகு, "வருகிற ஞாயிறு அகுனி சமைக்கிறேன், வாருங்கள், உங்கள் கருவாட்டையும் கொண்டுவாருங்கள்" என்றார். போனேன். தூத்துக்குடி நண்பரும் வந்தார். அகுனியின் வாசம் முதலில் என்னை ஒரு தள்ளுத் தள்ளியது உண்மை. இரண்டாம் கவளத்தில் பழகிவிட்டது. மூன்றாம் கவளத்தில், ராஜா மிளகாயின் காரத்தில், கண்ணில் நீர் வந்தது. அந்தக் காரத்துக்கும் மூலம் அமெரிக்க மண்ணே என்று நான் சொல்ல, தூத்துக்குடி நண்பர், "உண்ணும்போது பாடம் எடுக்காதேயப்பா" என்று அதட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உப்பு இட்டவரை நினைக்கும் நாம், மிளகாய் தந்தவரையும், மிசோ தந்தவரையும், அகுனி தருபவரையும் சேர்த்தே நினைப்போம். தட்டை வரவேற்கும் கை, அதை ஏந்தி வருபவரையும் வரவேற்கட்டும்.